திராவகமும் சுண்ணாம்பும் தண்ணீரில் இறங்கினால்...



சென்ற இதழில் துணிக் கறைகளைப் போக்குவது பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார். "குழந்தையின் வெள்ளைச் சட்டையில் சாம்பார் கொட்டிவிட்டது. மஞ்சள் கறை போகட்டுமே என்று சோப்புப் போட்டால், கறை ரத்தச் சிவப்பாகிவிட்டது! சோப்பில் ஏதாவது கோளாறா?" என்று கேட்கிறார்.

சோப்பில் ஒரு கோளாறும் இல்லை, அம்மா. நன்றாக அலசுங்கள், சிவப்பு மறைந்து பழையபடி மஞ்சளாகும். பிறகு நல்ல வெயிலில் காயப் போடுங்கள், அந்த மஞ்சளும் வெளுத்துவிடும். இந்தச் சிவப்பு நமக்கு ஒன்றும் புதிதில்லையே! ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பைப் போடுகிறோம், பளிச்சென்று சிவக்கிறது. அதே சமாசாரம்தான் சட்டையிலும் நடந்திருக்கிறது. சோப்பும் சுண்ணாம்பும் ஒரே ஜாதி, இரண்டும் காரப் பொருள்கள். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், புளிப்புப் பட்டால் மறுபடி மஞ்சளாகும். பள்ளிக்கூடத்து லிட்மஸ் காகிதம் செய்கிற வேலையை நம் அஞ்சறைப் பெட்டி எத்தனையோ காலமாகச் செய்துகொண்டிருக்கிறது.

இந்தக் கடிதத்தைச் சாக்காக வைத்து அமிலம், காரம் இரண்டையும் பற்றி இந்தத் தடவை கொஞ்சம் விவரமாகவே எழுதலாம் என்று தோன்றியது. நானும் பள்ளிப் படிப்போடு நின்றவள்தான். என் பெண்ணின் ரசாயனப் புத்தகத்தைப் புரட்டி, அவளைக் குடைந்து குடைந்து கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். வீட்டில் குழந்தை இருக்கிறவர்கள் கடைசிவரை அவசியம் படியுங்கள்.

எது அமிலம், எது காரம்?

புளிப்பாக இருப்பவை அமிலம். எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், புளியில் டார்டாரிக் அமிலம், தயிரில் லாக்டிக் அமிலம், வினிகரில் அசிட்டிக் அமிலம். கழிவறை கழுவுகிற திராவகத்தில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். நம் வயிற்றில் சுரப்பதும் அதேதான்!

காரம் என்றதும் மிளகாயை நினைத்துவிடாதீர்கள். மிளகாயின் உறைப்புக்கும் இந்தக் காரத்துக்கும் பெயரில் மட்டும்தான் ஒற்றுமை. சமையல் சோடா, சலவை சோடா, சோப்பு, சுண்ணாம்பு, சாக்கடை அடைப்பு நீக்கப் போடுகிற காஸ்டிக் சோடா இவையெல்லாம் காரம். தொட்டால் வழவழவென்று இருக்கும். நம் தோலில் உள்ள எண்ணெய்ப் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சோப்பாக்குவதால்தான் அந்த வழவழப்பு. இதைத் தெரிந்துகொள்ள யாரும் காஸ்டிக் சோடாவைத் தொட்டுப் பார்க்க வேண்டாம், சோப்பே போதும்!

தண்ணீர் பட்டால்தான் விழிக்கும்

ஒரு சின்ன வேடிக்கை செய்து பாருங்கள். ஸ்குவாஷ் போட வாங்கின சிட்ரிக் ஆசிட் கொஞ்சம், சமையல் சோடா கொஞ்சம், இரண்டையும் ஈரமில்லாத கிண்ணத்தில் கலந்து வையுங்கள். ஒன்றும் நடக்காது. ஒன்று அமிலம், மற்றது காரம், ஆனாலும் பரம சாதுவாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டதுதான் தாமதம், புஸ்ஸென்று பொங்கிக்கொண்டு வரும்!

அப்படித் தண்ணீர் என்ன மாயம் செய்கிறது? அமிலத்தில் ஹைட்ரஜன் இருக்கிறது. தண்ணீர் பட்டதும் அந்த ஹைட்ரஜன் மின்னூட்டம் பெற்ற அயனியாகப் பிரிந்து வருகிறது. இந்த அயனி ஒரு கைக்குழந்தை மாதிரி. தனியாக நிற்கத் தெரியாது. அமிலத்தின் இடுப்பிலிருந்து இறங்கினதும் பக்கத்தில் இருக்கிற தண்ணீர் மூலக்கூறின் இடுப்பில் ஏறிக்கொள்ளும். குழந்தையை இறக்கிவிடுவது அமிலம், கையை நீட்டி வாங்கிக்கொள்வது காரம். அவ்வளவுதான் விஷயம். தண்ணீர் இரண்டு வேலையையும் செய்யும், கொடுக்கவும் கொடுக்கும், வாங்கவும் வாங்கும். அதனால்தான் அது நடுநிலை.

தண்ணீரில் இப்படிப் பொருள்கள் அயனிகளாகப் பிரிகின்றன என்பதை 1884-ல் ஸ்வீடன் நாட்டு இளைஞர் ஸ்வாந்தே அரீனியஸ் தன் ஆராய்ச்சிக் கட்டுரையில் எழுதினார். உப்சாலா பல்கலைக்கழகத்துப் பரிசோதகர்களுக்கு அது பிடிக்கவில்லை. மிகக் குறைந்த தகுதி கொடுத்துத்தான் தேர்ச்சி பெற விட்டார்கள். அந்த வேலைக்குத்தான் 1903-ல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது! மார்க் குறைந்தது என்று பிள்ளைகளை வறுத்தெடுக்கும் அம்மாக்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

அடாவடியும் சாதுவும்

எல்லாமே அமிலம் என்றால் எலுமிச்சை ரசத்தைக் குடிக்கிறோம், திராவகம் மட்டும் ஏன் பொசுக்குகிறது? அங்கேதான் சூட்சுமம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் தண்ணீரில் இறங்கினதும் அநேகமாக எல்லாக் குழந்தைகளையும் ஒரேயடியாக இறக்கிவிட்டுவிடும். வினிகர் அப்படி இல்லை. கடையில் விற்கிற வினிகரில் சுமார் 200 அசிட்டிக் அமில மூலக்கூறுகளுக்கு ஒன்றுதான் பிரியும். மற்றதெல்லாம் இடுப்பை விட்டு இறங்காது. முன்னதை வலிமை மிக்க அமிலம் என்கிறார்கள், பின்னதை வலிமை குறைந்த அமிலம் என்கிறார்கள். காரத்திலும் இதே மாதிரிதான். காஸ்டிக் சோடா அடாவடி, சமையல் சோடா சாது.

இதை அளக்க ஓர் அளவுகோல் உண்டு. டென்மார்க்கில் கோபன்ஹேகன் நகரத்து கார்ல்ஸ்பெர்க் ஆராய்ச்சிக் கூடத்தில் சோரன்சென் என்கிற விஞ்ஞானி 1909-ல் ஏற்படுத்தியது. அதற்குப் பெயர் பி.எச். சாதாரணமாக 0 முதல் 14 வரை எண்ணுவார்கள். 7 என்றால் நடுநிலை, சுத்தமான தண்ணீர். 7-க்குக் கீழே போகப் போக அமிலம், மேலே போகப் போகக் காரம். எலுமிச்சை ரசம் சுமார் 2, புளித்த தயிர் 4-க்குச் சற்று மேல், பால் 6.5-ஐ ஒட்டி, சமையல் சோடாத் தண்ணீர் 8-க்குச் சற்று மேல், சோப்புத் தண்ணீர் 9, 10, சுண்ணாம்புத் தெளிவு 12-க்கும் மேல்.

இந்த அளவுகோலில் ஒரு விசேஷம் இருக்கிறது. கெட்டியாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஒரு படி என்பது ஒரு பங்கு அல்ல, பத்து மடங்கு! இரண்டு படி 100 மடங்கு, மூன்று படி 1,000 மடங்கு. பால் 6.5-லிருந்து தயிராகி 4.5-க்கு வந்தால் இரண்டு படிதான் இறங்கியிருக்கிறது. ஆனால் அமிலத்தன்மை 100 மடங்கு கூடியிருக்கிறது.

அடுக்களையில் இதனால் என்ன லாபம்?

நம் பெரியவர்கள் பி.எச். படித்தவர்கள் இல்லை, ஆனாலும் காரணமறிந்த மாதிரியே நடந்துகொண்டார்கள். குழம்புக்குக் காய் வெந்த பிறகுதான் புளி கரைத்து விடுவார்கள். முதலிலேயே புளியை விட்டால் அமிலம் காயின் நார்ப்பகுதியை இறுக்கிவிடும், எத்தனை நேரம் கொதித்தாலும் நறுக் நறுக்கென்றே இருக்கும். பருப்பு வேகும்போது புளியோ தக்காளியோ சேர்த்தாலும் இதே கதைதான்.

அப்படியானால் சமையல் சோடாவைப் போட்டால் சீக்கிரம் வெந்துவிடுமே என்கிறீர்களா? வேகும், ஆனால் பருப்பிலுள்ள பி-1 வைட்டமின் அந்தக் காரத்தில் வீணாகிவிடும். கீரையில் போட்டால் பச்சைப் பசேல் என்று கண்ணைப் பறிக்கும், கூடவே சி வைட்டமினும் பறிபோகும். இரவே ஊறப் போட்ட பயறுக்கு சோடா எதற்கு?

இன்னொன்று பாத்திரம். பித்தளையில் படிந்த களிம்பைப் புளி கரைத்துவிடுகிறது, பாத்திரம் பளபளக்கிறது. அதே புளி உணவிலும் இருக்கிறதே! ஈயம் பூசாத பித்தளை, தாமிரப் பாத்திரத்தில் ரசமோ தயிரோ மோரோ வைத்தால் தாமிரம் கரைந்து உணவில் சேரும். வாந்தி, வயிற்று வலி வரும். ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடியும் கண்ணாடி பாட்டிலும்தான் நல்லது. அலுமினியத்தை அமிலமும் அரிக்கும், காரமும் அரிக்கும். அதில் புளியும் வைக்க வேண்டாம், சலவை சோடாவும் போட்டுத் தேய்க்க வேண்டாம்.

இப்போது விளம்பரப்படுத்துகிறார்களே, காரத் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் உள்ள அமிலம் போய்விடும் என்று, அதையும் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தின் பி.எச். 7.35-க்கும் 7.45-க்கும் இடையில்தான் இருக்கும். மூச்சோடு கரியமில வாயுவை வெளியேற்றி நுரையீரலும், சிறுநீர் வழியாகச் சிறுநீரகமும் ராப்பகலாக அதைக் காவல் காக்கின்றன. நாம் குடிக்கிற தண்ணீர் முதலில் வயிற்று அமிலத்தில்தான் போய் விழுகிறது. அங்கேயே அதன் காரம் காலி. இதற்காகக் காசைக் கொட்ட வேண்டியதில்லை.

கலக்கவே கூடாதவை

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம்.

அமிலமும் காரமும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று அடக்கி, உப்பும் தண்ணீருமாக மாறும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சும்மா மாறுவதில்லை, சூட்டைக் கிளப்பிக்கொண்டுதான் மாறும். இரண்டும் வலுவானவையாக இருந்தால் கொதித்துத் தெறிக்கும். சாக்கடைக் குழாயில் காஸ்டிக் சோடாவைப் போட்டுவிட்டு, அது போதவில்லை என்று மேலேயே திராவகத்தை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். முகத்துக்கே அபாயம்!

கழிவறையில் பிளீச்சிங் பவுடர் தூவியிருக்கும்போது அதன்மேல் திராவகத்தை ஊற்றுவது இன்னும் மோசம். பளிச்சென்று ஆகட்டுமே என்று இரண்டையும் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915-ல் முதல் உலகப் போரில் ஜெர்மன் படை விஷ வாயுவாக உபயோகித்தது இதே குளோரினைத்தான். கதவைச் சாத்திய சின்னக் கழிவறையில் மூச்சுத் திணற எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நாளைக்கு ஒன்றுதான். நடுவில் நன்றாகக் கழுவிவிட வேண்டும். தப்பித் தவறி நெடி கிளம்பிவிட்டால் அங்கே நின்று கழுவ முயலாமல் உடனே வெளியே காற்றோட்டமான இடத்துக்கு வந்துவிடுங்கள்.

காஸ்டிக் சோடா கரைக்கும்போதும் ஒரு முறை இருக்கிறது. வாளியில் தண்ணீரை எடுத்துக்கொண்டு அதில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சோடாவைப் போட வேண்டும். சோடாவைக் கொட்டிவிட்டு மேலே தண்ணீரை ஊற்றக் கூடாது. திராவகமானாலும் தண்ணீரில்தான் அதை விட வேண்டும், அதில் தண்ணீரை அல்ல. நிறையத் தண்ணீர் கீழே இருந்தால் கிளம்புகிற சூட்டை அது வாங்கிக்கொள்ளும்.

கண்ணில் சுண்ணாம்பு

இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் தெருவில் நடந்தது. மூன்று வயதுப் பிள்ளை, தாத்தாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு பாக்கெட்டை எடுத்துப் பிதுக்கி விளையாடியிருக்கிறான். பிளாஸ்டிக் உறை படாரென்று வெடித்துச் சுண்ணாம்பு கண்ணில் அடித்துவிட்டது. வீடே அல்லோலகல்லோலம். பாட்டி தாய்ப்பால் விடச் சொன்னார், ஒருவர் விளக்கெண்ணெய் என்றார், இன்னொருவர், "சுண்ணாம்பு காரமாச்சே, எலுமிச்சம்பழம் பிழிஞ்சா முறிஞ்சிடும்" என்றார். நல்ல வேளையாகப் பிள்ளையின் சித்தி ஒருவர் பேச்சையும் கேட்கவில்லை. அலறுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி, குழாயடியில் பிடித்துக்கொண்டு, இமையை விரித்துத் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தாள். ஆட்டோ வந்து நின்ற பிறகும் விடவில்லை. பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இமைக்குள் ஒட்டியிருந்த துணுக்குகளை டாக்டர் எடுத்தார். "தண்ணீர் விட்டதுதான் இவன் கண்ணைக் காப்பாற்றியது" என்று அவர் சொன்னாராம்.

ஏன் தண்ணீர்? ஏன் அத்தனை நேரம்? பத்து மடங்குக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அது இங்கேதான் உதவும். பி.எச். 1 உள்ள திராவகம் 1 மில்லி, அதாவது கால் டீஸ்பூன்கூட இல்லை, சிந்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதை 10 மில்லி ஆக்கினால் பி.எச். 2-தான். 100 மில்லி ஆக்கினால் 3. இப்படியே போய் 6 ஆக வேண்டுமானால் 1 லட்சம் மடங்கு நீர்க்க வேண்டும், அதாவது 100 லிட்டர்! ஒரு சொம்புத் தண்ணீரை மேலே விசிறிவிட்டு, கழுவியாயிற்று என்று உட்கார்ந்தால் எப்படிப் போதும்? நிமிஷத்துக்கு 5 லிட்டர் விழுகிற குழாயடியில் 20 நிமிஷம் பிடித்தால்தான் அந்த 100 லிட்டர் வருகிறது. கழிவறைத் திராவகமோ பி.எச். 1-ஐவிடவும் கடுமையானது.

சுண்ணாம்பு இன்னும் பொல்லாதது. அமிலம் பட்ட இடத்தில் சதை வெந்து ஒரு தடுப்பு மாதிரி கெட்டிப்பட்டுவிடும், ஓரளவுக்கு மேல் உள்ளே போக விடாது. காரமோ கொழுப்பைச் சோப்பாக்கிக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். அதோடு, சுண்ணாம்பு 1 லிட்டர் தண்ணீரில் சுமார் ஒன்றரை கிராம்தான் கரையும். ஆகையால் இமைக்குள் ஒட்டிய துணுக்கு லேசில் கரைந்து போய்விடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கண்ணைப் புண்ணாக்கிக்கொண்டே இருக்கும்.

எலுமிச்சம்பழம் ஏன் கூடாது என்பதும் இப்போது புரிந்திருக்கும். அமிலமும் காரமும் சேர்கிற சூடு ஏற்கெனவே வெந்த கண்ணில்தானே எழும்பும்? போதாக்குறைக்கு, எலுமிச்சை ரசமே கண்ணை எரிக்கும்.

அவசரத்தில் செய்ய வேண்டியவை

1. தோலில் பட்டால்: நனைந்த துணியை உடனே கழற்றிவிட்டு, ஓடுகிற தண்ணீரில் குறைந்தது 20 நிமிஷம் கழுவ வேண்டும். நீற்றாத சுண்ணாம்புத் தூள், காஸ்டிக் சோடாத் தூள் பட்டிருந்தால் முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிட்டு, பிறகு தண்ணீர்.

2. கண்ணில் பட்டால்: இமையை விரித்துப் பிடித்து 20 நிமிஷத்துக்குக் குறையாமல் தண்ணீர் விட வேண்டும். அடிபடாத கண்ணுக்குள் கழுவின தண்ணீர் ஓடாதபடி தலையைச் சாய்த்துக்கொள்ளுங்கள். கசக்கக் கூடாது. பிறகு, எரிச்சல் நின்றுவிட்டாலும், கண் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

3. விழுங்கிவிட்டால்: வாயைக் கொப்பளிக்கச் செய்யுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உள்ளே போகும்போது சுட்ட தொண்டையை வெளியே வரும்போதும் சுடும். உப்புத் தண்ணீர், எலுமிச்சை, சோடா என்று எந்த முறிவும் கொடுக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். குடித்த பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

4. எண்ணெய், தாய்ப்பால், மஞ்சள், பற்பசை எதையும் தடவ வேண்டாம். தண்ணீர், பிறகு டாக்டர். இந்த வரிசை மாறக் கூடாது.

வராமல் காப்பதுதான் நம் கையில் இருக்கிறது. திராவகத்தைக் கூல்டிரிங்க் பாட்டிலில் ஊற்றி வைக்கிற வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். தாகத்தோடு ஓடி வருகிற பிள்ளைக்கு பாட்டில்தான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. ஆசிடைச் சில்லறையாக விற்கிறவர்கள் வாங்குகிறவரின் அடையாளத்தைப் பார்த்து எழுதி வைக்க வேண்டும், 18 வயது நிரம்பாதவர்களுக்கு விற்கக் கூடாது என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. கடைக்காரருக்கே இத்தனை கட்டுப்பாடு என்றால், வீட்டில் அதை வைத்திருக்கிற நமக்கு எவ்வளவு கவனம் வேண்டும்! வாங்கின பாட்டிலிலேயே, லேபிளோடு, உயரத்தில் பூட்டி வையுங்கள். வெற்றிலைப் பெட்டியையும் அதே உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். தாத்தா கொஞ்சம் முணுமுணுப்பார், பரவாயில்லை!

விடுமுறை நாளில் பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு விளையாட்டுக் காட்டலாம். நாலைந்து செம்பருத்திப் பூவின் இதழ்களைப் பிய்த்து வெந்நீரில் பத்து நிமிஷம் ஊறப் போடுங்கள். அந்த நீரை மூன்று தம்ளரில் ஊற்றி, ஒன்றில் எலுமிச்சை பிழியுங்கள், பளீரென்று சிவக்கும். இன்னொன்றில் சமையல் சோடாவைப் போடுங்கள், பச்சைச் சாயலுக்கு மாறும். மூன்றாவது சும்மா இருக்கட்டும், ஒப்பிட்டுப் பார்க்க. கண்ணால் பார்த்துவிட்டால், "அலமாரி மேல இருக்கிறதைத் தொடாதே" என்று நாம் சொல்வது ஏன் என்று அவர்களுக்கே புரியும்.

அடுத்த இதழில், சில ஊர்த் தண்ணீரில் எத்தனை தேய்த்தாலும் சோப்பு ஏன் நுரைப்பதில்லை என்று பார்க்கலாம். உங்கள் ஊர்த் தண்ணீர் எப்படி என்று எழுதுங்கள்.